அண்ணையின் பெட்டிக்குப் போட்ட புது ரெக்சின்

படிப்பை விட்டுவிட்டு அண்ணை கலியாண வீடுகளில் கிற்றார் வாசித்துத் திரிந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாரிக்காலத்தில் சண்டை முற்றி, அண்ணையின் அம்பிளிபயர் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டார். அண்ணை வந்து பார்த்தபோது, பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த கறுப்பு ரெக்சின் மழையில் ஊறிப் பொருமிக் கிடந்தது. அவர் அதை உள்ளே கொண்டுபோய்த் துடைத்தார். பெட்டி பழுதாகவில்லை. ஆனால் பிறகு அவர் வீட்டில் வாசிக்கவேயில்லை. எண்பத்து நான்கில் ஜேர்மனிக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் ஒருநாள், வாழைத் தோட்டத்தால் வந்த அப்பா தானாகவே அந்தப் பெட்டியை வெளியே எடுத்தார்.

"பிள்ளை, இது முந்தி மினுங்கலோ, மங்கலோ?"

"மங்கல் கறுப்பு அப்பா."

யாழ்ப்பாணத்தில் கார் சீற்றுக்கு உறை தைக்கும் கடையில் ரெக்சின் வாங்கினோம். முன்பக்கத்துக்குச் சத்தம் வெளியே வரக்கூடிய துணி வேண்டும். புடவைக் கடையில் அப்பா ஒவ்வொரு துணியையும் வாயருகே பிடித்து ஊதிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பழைய ரெக்சினை உரித்து, பலகையில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டுவதற்கே இரண்டு பின்னேரங்கள் போயின. மூலைகளில் புது ரெக்சின் மடிந்து மடிந்து நின்றது. அப்பா அதை உரித்தெடுத்து மறுபடி ஒட்டினார். நான் அமர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினோம். அண்ணை கடிதம் எழுதுவதில்லை, கசெற்றில் பேசித்தான் அனுப்புவார். அடுத்து வந்த கசெற்றில் வேலை, குளிர் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "பெட்டி வடிவாயிருக்கு. ஆருக்கும் குடுத்துவிடுங்கோ. நான் இப்ப வாசிக்கிறேல்லை."

அப்பா அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார்.

"கோவத்திலை சொல்லுறானோ?"

"இல்லை அப்பா. சும்மாதான் சொல்லுறார்."

கோபம் இருந்திருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணையோடு முன்பு வாசித்த நண்பர் ஒருவர் பெட்டியை எடுத்துப்போக வட்டுக்கோட்டையிலிருந்து வந்தார். பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கு. ஆர் செய்தது ஐயா?" என்று கேட்டார்.

"ரவுணிலை ஒரு கடையிலை குடுத்துச் செய்விச்சது," என்றார் அப்பா.

அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அந்த நண்பர் பெட்டியைக் கரியரில் வைத்துக் கட்டினார்.