பச்சை போகாது, தோல் போகும்

"வெந்நி கொட்டிடுச்சி, சிஸ்டர்."

கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் புண்ணுக்குக் கட்டுப் போடும் ரூமில் நான் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் அதிகமாகக் கேட்ட பொய் இதுதான். ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது. அதனால் தாராளமாகவே எழுதுகிறேன்.

அன்றைக்கு இந்தப் பொய்யைச் சொன்னவள் கலைச்செல்வி. வெள்ளிமலைப் பக்கத்துப் பெண், டவுனில் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. முழுக்கைச் சுடிதாரை மேலே ஏற்றிக் காட்டினாள். இடது முன்னங்கையில் தோல் வெந்து வெளுத்திருந்தது, தீப்பெட்டியை வைத்து அளவெடுத்த மாதிரி நீளச் சதுரமாக.

"ஏம்மா, உங்க வூட்டு வெந்நி ஸ்கேலு வச்சிக் கோடு போட்டுக்கினுதான் கொட்டுமா?" என்றேன்.

அழ ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவ, வெந்த இடத்தின் நடுவில் பச்சை குத்திய ஒரு பெயர் தெரிந்தது. பிரபு.

பிரபு அதே கடையில் துணி மடித்தவன். திருவிழாவில் பச்சை குத்துகிற பேட்டரி மிஷினோடு உட்கார்ந்திருந்த ஆளிடம் இரண்டு பேரும் சேர்ந்து போயிருக்கிறார்கள். இவள் குத்திக்கொண்டாள். அவன் ஊசி என்றால் பயம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் பஜ்ஜி தின்றானாம். அங்கேயே புரிந்திருக்க வேண்டும். அப்புறம் திருப்பூருக்குப் போனான், போன இடத்திலேயே கல்யாணமும் செய்துகொண்டான். அவன் போய்விட்டான், பெயர் போகவில்லை.

இப்போது கலைச்செல்விக்கு முருகேசன் என்கிற ஜீப் டிரைவரோடு நிச்சயம் ஆகியிருந்தது. தையில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில். நலங்கு வைக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து கையில் மஞ்சள் பூசுவார்கள்.

"பாத்தாங்கன்னா கல்யாணம் நின்னுடும் சிஸ்டர். எங்கப்பா கூலி வேல செய்றவரு. ஊரு பேசுறத அவரால தாங்க முடியாது."

"முழுக்கை ஜாக்கெட் தச்சிக்கயேன்."

"நலங்குல முழுக்கை போட்டுக்கினு குந்தினா, இன்னாத்தடி மறைக்கிறன்னு கேக்க மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. 

1. வீட்டு வைத்தியங்கள், தராதரம் பிரித்து

கலைச்செல்வி போட்டது சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்த பசை. மருவுக்கு வைப்பார்களே, அதே வைத்தியம். மரு தோலுக்கு மேலே நிற்கிறது, விழுந்துவிடும். பச்சை தோலுக்கு உள்ளே, இரண்டாம் அடுக்கில் குடித்தனம் நடத்துகிறது. மேலே எதைப் பூசினாலும் வாசலில் நிற்கிறவன்தான் அடி வாங்குவான், உள்ளே இருப்பவன் கால் நீட்டிப் படுத்திருப்பான்.

நான் பார்த்ததில் முதல் பரிசு பற்பசைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும். போனில் வீடியோ பார்த்துவிட்டுப் பூசிக்கொண்டு வருவார்கள். பச்சை அப்படியே இருக்கும், தோலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் புதினா வாசனை. "போவலியே சிஸ்டர்" என்று கோபித்துக்கொள்வார்கள். இவர்களைப் போன்ற நல்ல பேஷண்டுகளை நான் கண்டதில்லை.

அடுத்தது உப்புத்தாள். தச்சர்கள் கதவு தேய்க்கிற அதே தாள். சின்னசேலத்திலிருந்து ஒரு பையன் வந்தான், போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறவன், பச்சை இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று பயம். கையை நிலைக்கதவு என்று நினைத்துத் தேய்த்திருந்தான். பச்சை சற்று மங்கியது உண்மை. அந்த இடம் சீழ் பிடித்ததும் உண்மை.

எருக்கம்பால் கொப்புளம் போடும். முந்திரிக்கொட்டை எண்ணெய் அதைவிடப் பெரிய கொப்புளம் போடும். அதை வைத்துக்கொண்டு ஒரு கட்சிக்காரர் வந்தார். பழைய கட்சியின் சின்னம் கையில் இருந்ததாம், புதுக் கட்சியில் சேரும் விழாவுக்குள் அது போயாக வேண்டுமாம். கை வீங்கிச் சின்னமும் சேர்ந்து பெரிதானது. விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள், நல்லவேளையாகக் கையும் மறைந்தது.

கடைசி இடம் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டுக்கு. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

மொத்தத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே குணம்தான்: பச்சை போகாது, தோல் போகும். லேசர் என்று ஒன்று இருக்கிறது, தோல் டாக்டர் செய்வார், பல தடவை போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். இதையெல்லாம் கலைச்செல்விக்குச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாள். அவ்வளவு பணிவாகத் தலையாட்டுகிறவர்கள் சொன்னதைக் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

2. சேங்கொட்டை

புண் காயத் தொடங்கிய சமயம் கட்டு மாற்ற வராமல் நின்றுவிட்டாள். மறுபடி வந்தபோது அவள் அப்பா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். காய்ச்சல் கொதித்தது. கை முழங்கை தாண்டி வீங்கி, கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருந்தது.

"இன்னாத்தப் போட்ட?"

"பெரியம்மா மலையிலேந்து சேங்கொட்ட கொண்டாந்துச்சி சிஸ்டர். சுட்டு எண்ண எடுத்து வச்சா வேரோட போயிடும்னுச்சி."

சேங்கொட்டை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சலவைக்குப் போகிற துணி மாறிப்போகாமல் இருக்க, அந்தக் காலத்தில் ஓரத்தில் குறி போடுவார்களே, அந்தக் கொட்டைதான். துணி கிழிந்தாலும் குறி போகாது. அழியாத குறி போடுகிற சாமானை எடுத்து அழியாத குறியை அழிக்கப் பார்த்த ஊர் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடனே அட்மிஷன் போட்டார். வெளியே வந்ததும் என்னிடம், "சீழ் உள்ள இறங்கினா கை நமக்கு மிஞ்சாது, ஜாக்கிரதையா பாருங்க" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை. பிரபுவோ அந்த வீக்கத்திலும் எழும்பி நின்றான், கல்லில் வெட்டிய எழுத்துப் போல.

3. மாமியார் வருகிறாள்

காய்ச்சல் இறங்கிய சமயம் முருகேசனும் அவன் அம்மா அஞ்சலையும் பார்க்க வந்தார்கள். நான் கட்டைப் பிரித்து வைத்திருந்த நேரம். "வெளில இருங்க" என்று கத்தினேன். அஞ்சலை கூலி வேலைக்காரி, என் சத்தத்துக்கெல்லாம் அசையவில்லை. நேராக வந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னா எழுதிக்கீது?" அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது.

முருகேசனுக்குத் தெரியும். படித்துவிட்டான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கொஞ்சம் எச்சில் விழுங்கிவிட்டு, "சாமி பேருமா" என்றான்.

எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. கலைச்செல்விதான் விடவில்லை.

"சாமி இல்ல அத்த. பிரபுன்னு ஒருத்தன். கூட வேல செஞ்சான். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இப்பிடிப் பண்ணிக்கினேன்."

அவள் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கையில் பஞ்சோடு நின்றேன்.

"அவன் இப்ப எங்க கீறான்?" என்றாள் அஞ்சலை.

"திருப்பூர்ல. கல்யாணம் ஆயிடுச்சி."

"அப்போ வயிறு எரிய வேண்டியவ அவன் பொண்டாட்டி. நீ எதுக்குடி கைய எரிச்சிக்கினு படுத்துக்கினு கீற?"

 அஞ்சலை தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பழைய பச்சை. கோலம், தேள், புள்ளி.

"செத்தா நம்ம கூட வர்றது இந்தப் பச்ச ஒண்ணுதான்னு சொல்லிக் குத்துனாங்க. அப்பிடின்னா மேல போறப்ப அந்தப் பிரபுவும் உன் கூட வருவான், எம்புள்ளயும் வருவான். அங்க போயி பாத்துக்கலாம் போ. நர்சம்மா, கை நல்லாயிடுமா? அத மட்டும் சொல்லுங்க. நாளைக்கி எங்கூட களை எடுக்க வேண்டிய கை இது."

"நல்லாயிடும்" என்றேன்.  அழுகிற நர்ஸை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் எல்லாரையும் திட்டி வெளியே அனுப்பிவிட்டு அழுதேன்.

4. நலங்கு

கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, போனேன்.

கலைச்செல்வி அரைக்கை ஜாக்கெட்டில் மணையில் உட்கார்ந்திருந்தாள். முன்னங்கை முழுக்கச் சுருங்கிய தழும்பு, அதற்கு நடுவில் பிரபு. சொந்தக்காரி ஒருத்தி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "யாரு இது பிரபு?" என்றாள்.

"திருப்பூர்ல கீறான். வேணும்னா பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வா" என்றாள் அஞ்சலை. "இங்க நலங்கு நடக்குது, வழிய வுடு."

பிறகு மஞ்சள் கிண்ணத்தை எடுத்தவள் சட்டென்று நின்று, கூட்டத்தில் என்னைத் தேடினாள். "நர்சம்மா, இது மேல பூசினா எரியுமா?"

"ஆறிடுச்சி. எரியாது, பூசுங்க."

பூசினாள். தழும்பு வந்த இடத்தில் மட்டும் விரல் நுனியால் மெதுவாகப் பூசினாள்.

கட்டு ரூமுக்கு வரப்போகிற இளைய சிஸ்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கையில் என்ன போட்டாய் என்று கேட்டு எழுதுவது நம் வேலை. யாருக்குப் பயந்து போட்டாய் என்றும் கேளுங்கள். முடிந்தால் அந்த ஆளை நேரில் வரச்சொல்லுங்கள். பாதிப் பேர் நாம் பயப்படுகிற அளவுக்கு மோசமாக இருக்க மாட்டார்கள். மீதிப் பாதி நிஜமாகவே மோசம் என்றால், அந்த வீட்டுக்குப் போகாமல் தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல சமயம் அந்தப் பெண்ணுக்கு வாய்க்காது.