கோட்டுக்கு மேலே ஒரு விரல்

முறுக்குக்கு எடை கிடையாது, இடம்தான் வேண்டும். இதை யோசிக்காமல் எங்கள் வீட்டில் ஒரு வண்டியை வாங்கிவிட்டார்கள். தாராவியில் எங்கள் சந்தில் அம்மாவும் சித்தியும் இன்னும் நாலு பெண்களுமாகச் சுடுகிற முறுக்கை, வாஷி பாலத்துக்கு அந்தப் பக்கம் கோபர்கைரனே, நெருள் கடைகளுக்குக் கொண்டுபோக அப்பா வாங்கிய சின்ன வண்டி. ஊரில் குட்டியானை என்பார்கள், இங்கே சோட்டா ஹாத்தி. யானை என்று பெயர்தானே ஒழிய, பத்து மூட்டை முறுக்கை ஏற்றினால் நிறைந்துவிடும். அதற்கு மேல் வைத்து இறுக்கிக் கட்டினால் அந்தப் பக்கம் போய் இறங்குவது முறுக்கு மாவாக இருக்கும்.

வண்டியை ஓட்டியவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. அதற்கு முன் ஆறு வருடம் காட்கோபரில் ஒரு சேட்டின் காருக்கு டிரைவராக இருந்தவர். ஓட்டியதைவிடக் கதவைத் திறந்து மூடியதுதான் அதிகம் என்பார். சொந்த வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே சித்திக்குத் தெரிந்ததாம். அந்த உற்சாகத்தில் ஒருநாள் யாரையும் கேட்காமல், இரும்புச் சட்டம் போட்டுத் தகரம் அடித்து, வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். உள்ளே பலகைத் தட்டுகள். முப்பது மூட்டை நசுங்காமல் நிற்கும்.

முறுக்கு நசுங்கவில்லை. ஆனால் டீசல் கரைந்தது. போன மாதம் இரண்டு நாள் ஓடிய டீசல் இந்த மாதம் ஒன்றரை நாளில் தீர்ந்தது. அப்பா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஏலே, உள்ள இருக்கது முறுக்கு. ஊதுனாப் பறக்கும். அதை இழுக்க இவ்வளவு டீசலா?”

“எடை இல்லண்ணே. காத்து. பெட்டி காத்துல முட்டுது.”

“காத்தத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கா நான் டீசல் போடுதேன்?”

அண்ணன் தம்பி பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும். ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர் என்று அம்மா சொல்வாள். எனக்கு அதற்கான அடையாளம் எதுவும் தென்பட்டதில்லை.

வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்பதை ஊரில் மைலேஜ் என்பார்கள், மும்பையில் ஆவரேஜ். அதைச் சரியாகப் பார்க்க நைன்டி ஃபீட் ரோட்டில் கடை வைத்திருந்த மெக்கானிக் பாய் ஒரு வழி சொன்னார். அவரும் எங்கள் ஜில்லாக்காரர்தான். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் சித்தியின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு போட்டார். டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயையும் எஞ்சினிலிருந்து திரும்புகிற குழாயையும் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டார். பாட்டில் டீசல் தீர்கிற இடத்தில் வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. நின்ற பிறகு குழாயில் ஏறிய காற்றைப் பம்ப்பை அமுக்கி அமுக்கி வெளியே தள்ளினால்தான் மறுபடி கிளம்பும் என்பது தனித் தொல்லை.

பாட்டிலை மடியில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் நான். எனக்குப் பத்து வயது, பொய் சொல்ல வராது. வந்த விருந்தாளி முன்னால், “நேத்து பால்ல தண்ணி ஊத்துனீங்களேம்மா, இன்னிக்கி ஏன் ஊத்தல?” என்று கேட்டுப் பேர் எடுத்தவள்.

முதல் சோதனையில் வண்டி மான்குர்டிலேயே நின்றுவிட்டது. பாலம் கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. அன்று மாலை அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்: “தீவாளிக்குள்ள ஒரு லிட்டர்ல பாலத்தைத் தாண்டணும். தாண்டலன்னா வண்டிய வித்துருவோம். நீ பழையபடி சேட்டுகிட்டயே போ.” முறுக்கு பிழிந்துகொண்டிருந்த சித்தியின் கை நின்றது. சொன்ன சொல்லை மாற்றுவது அப்பாவுக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி. மாற்றவே மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

“பெட்டிய ஒரு இஞ்சுகூடக் குறைக்க மாட்டேன். பாலத்தையும் தாண்டுவேன்” என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. டயரில் காற்று ஏற்றினார். பெட்டிக் கூரையில் தளர்ந்து படபடத்த தார்ப்பாயை எடுத்துவிட்டு அங்கேயும் தகரமே அடித்தார். ஸ்டெப்னியைக் கழற்றப் போனபோது அப்பா விடவில்லை. பிறகு பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்கிற கடையிலிருந்து ஒரு நீல டிரம் வாங்கி வந்து நெடுக்காக அறுத்து, ஒரு துண்டை டிரைவர் கூரைக்கு மேலே, பெட்டியின் நெற்றியில் வளைவாகப் பொருத்தினார். காற்று முட்டாமல் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடுமாம். வண்டிக்கு நெற்றி வீங்கிய மாதிரி இருந்தது. சந்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. சித்தப்பா அவர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார்.

இரண்டாவது சோதனைக்கு அப்பாவே டீசல் ஊற்றுகிறேன் என்றார். சித்தப்பா பின்னால் மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் மடியில் பாட்டில். டீசல் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்பா நிறுத்தவில்லை. கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவுக்கு ஏறிய பிறகுதான் கேனை நிமிர்த்தினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், “கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். மாவில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் வீட்டையே ரெண்டாக்குகிறவர், இப்படிக் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு ஊற்றுகிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.

செம்பூர் தாண்டியது, மான்குர்ட் தாண்டியது. பாலத்தில் ஏறியதும் எதிர்க்கரையிலிருந்து காலைக் காற்று வந்து பெட்டியைப் பிடித்தது. சித்தப்பா ஸ்டியரிங் மேல் குனிந்து, “போ தாயி, போ தாயி” என்று வண்டியிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். பாட்டிலில் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததும் உறிஞ்சப்பட்டது. எஞ்சின் இரண்டு முறை இருமியது. இருமியபடியே பாலத்தின் கடைசித் தூணைத் தாண்டி ஓரத்தில் போய் நின்றது.

சித்தப்பா கீழே குதித்து நீல நெற்றியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. போனை எடுத்து அப்பாவின் எண்ணைத் தேடினார். நான் நடுவரல்லவா?

“செல்லாது சித்தப்பா. அப்பா கோட்டுக்கு மேல ஊத்துனாவ.”

“எவ்வளவு?”

நான் ஒரு விரலைப் படுக்கவைத்துக் காட்டினேன். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் வெகுநேரம் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன். கடைசியில், “நீ சொன்னது சரிதாம்ட்டி. செல்லாது” என்றார். அவருடைய வெற்றியை ஒரு விரலால் பறித்துவிட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. அன்றைக்கு உறுத்தவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“என்னல, தாண்டிட்டியா?”

“இல்லண்ணே. பாலத்துலயே நின்னுட்டு. தீவாளிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குல்லா.”

அப்பா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பாலத்தைத் தாண்டியது உண்மை, சித்தப்பா சொன்னது பொய். அதைச் சொல்லப் போன என்னைச் சித்தப்பா கண்ணாலேயே அடக்கிவிட்டார். “சரி, ஒரு வாரம்” என்று அப்பா உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் சித்தப்பா என்னிடமும் சித்தியிடமும் பழைய துணி கேட்டார். என் கிழிந்த பாவாடையை நாடா நாடாவாகக் கிழித்துப் பெட்டி முழுக்க ஒட்டினார். மெக்கானிக் பாயின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஓடுகிற வண்டியின் பக்கத்திலேயே போய், எந்த நாடா எந்தப் பக்கம் பறக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நாடாக்கள் பின்பக்கமாகப் பறந்தன. பெட்டியின் முன்மூலையில் இருந்தவை மட்டும் முன்பக்கமாகத் திரும்பி அடித்துக்கொண்டன.

“காத்து அங்கனதான் சண்டை போடுது மாப்ள. அந்த மூலைய மழுக்கு” என்றார் பாய்.

டிரம்மின் மிச்சத் துண்டு இரண்டு பக்க மூலையிலும் ஏறியது. நெற்றிக்கும் கூரைக்கும் நடுவே இருந்த சந்தும் அடைபட்டது. வண்டிக்கு இப்போது கன்னமும் வீங்கிவிட்டது.

மூன்றாவது சோதனைக்கு அப்பா கேனை எடுத்தார். சித்தப்பா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்பா பார்த்துக்கொண்டு நிற்க, அவரே ஊற்றினார். டீசல் ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்திவிட்டார்.

“இன்னும் ஊத்தணும் சித்தப்பா” என்றேன்.

“போதும்ட்டி” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா தம்பியின் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை நிமிர்த்திவிட்டு, “பாத்துப் போ” என்றார்.

அந்தக் குறைந்த டீசலிலேயே வண்டி பாலத்தைத் தாண்டியது. பத்தடிதான் தாண்டியிருக்கும், ஆனால் தாண்டியது. சித்தப்பா இந்த முறை குதிக்கவில்லை. போனில் அப்பாவிடம் “தாண்டிட்டேன்ணே” என்றார். அந்தப் பக்கம் சத்தமே வரவில்லை. இவரும் வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் எதற்குப் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒருவர் ஒரு விரல் கூட ஊற்றுகிறார், இன்னொருவர் ஒரு விரல் குறைய ஊற்றுகிறார். எங்கள் வீட்டில் ஒழுங்காக அளக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.