லூக்கா எழுதாத நிறம்

என் நாத்தனார் ஜெயராணிக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவள் எதற்காகக் கோபப்பட்டாள் என்று கேளுங்கள், ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. சத்தம் போட்டது மட்டும் ஞாபகம் இருக்கும். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மாமனார் பக்கிரி நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டியவர். பிள்ளைகளின் கையில் அரிவாளைக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இரண்டு பேரையும் படிக்கவைத்தார். மூத்தவர் செம்பியன் என் கணவர், சிதம்பரத்தில் வேலை. இளையவள் ஜெயராணி நர்ஸ். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு அவள் பொறுப்பு. அவள் கணவர் அன்புமணி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். ஒரே மகள் ஜான்சி, எட்டாவது படிக்கிறாள்.

ஜெயராணியின் கோபத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஒருநாள், வலியோடு வந்த பெண்ணைக் கட்டில் காலி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். ஜெயராணி டாக்டரோடு மல்லுக்கு நின்று, நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் கட்டிலைப் போடவைத்துப் பிரசவம் பார்த்தாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அவளுக்கு மட்டும் மெமோ வந்தது.

நான் பிறந்தது சிதம்பரத்தில், கோயில் வீதிக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் மார்கழி என்றால் திருவாதிரைக் களிதான். கணவர் வீட்டார் கிறிஸ்தவர்கள், அதனால் கல்யாணத்துக்குப் பிறகுதான் பைபிளைக் கையில் எடுத்தேன். அதைப் படிக்கும் முன்பே மாமனார் குடும்பத்துச் சபையில் கிறிஸ்து பிறப்பு நாடகத்தைப் பார்த்துவிட்டதால், லூக்கா சுவிசேஷத்தில் மரியாள் ஏறிவரும் கழுதையைத் தேடினேன். இல்லை. கதவைச் சாத்தும் சத்திரக்காரனைத் தேடினேன். சத்திரத்தில் இடமில்லை என்று ஒரு வரி இருக்கிறது, சத்திரக்காரன் இல்லை. பிறந்ததிலிருந்தே சபையில் இருப்பவர்களுக்கு நாடகமும் வேதமும் ஒன்றாகக் கலந்துபோய்விடுகிறது. யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஜெயராணி பார்ப்பாள். குழந்தை அழவே இல்லை, இரவு அமைதியாக இருந்தது என்றெல்லாம் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டில் வந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "அண்ணி, அழாம பொறந்த புள்ளைய நான் தலகீழா தூக்கித் தட்டியிருக்கேன். அமைதியாம், அமைதி!" என்பாள். ஆனால் பாட்டை விடமாட்டாள், உரக்கப் பாடுவாள். பாட்டு பாட்டாக இருக்கட்டும், அதை வைத்து மனிதரை மட்டம் தட்டாதவரை அவளுக்கு ஒரு வழக்கும் இல்லை.

எங்கள் சபை நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையைப் பார்க்க வரும் மூன்று ராஜா வேஷமும் சபைக் கமிட்டிக் குடும்பங்களுக்கு. கிரீடங்கள் செயலாளர் ராஜாமணியின் வீட்டு பீரோவில்தான் இருக்கும், சொத்து மாதிரி அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். மேய்ப்பரும் ஆடும் காலனிப் பிள்ளைகளுக்கு. இயேசுவின் தாய் மரியாள் என்றால் சிவப்பாக இருக்கிற பெண். இதை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. காலனியில் வளர்ந்த ஜெயராணி சின்ன வயதில் ஆடாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மேடையில் தவழ்ந்திருக்கிறாள்.

இந்த வருஷம் ஞாயிறு பள்ளி டீச்சர் ஜான்சியை மரியாளாகப் போட்டுவிட்டார். மரியாள் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்த உச்சத்தை எட்டிப் பிடிக்கும் தொண்டை சபையில் அவளுக்குத்தான் இருக்கிறது. ஜான்சி குளிக்கும்போது பாடினாள், சைக்கிளில் போகும்போது பாடினாள். போனில் என்னைக் கூப்பிட்டு, "அத்த, நான்தான் மரியாள்!" என்று கத்தினாள். பிள்ளைக்கு அதைவிடப் பெரிதாக உலகத்தில் எதுவும் இல்லை.

ஒத்திகை பார்க்க நான் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். ஜெயராணியோடு சபை ஹாலுக்குள் நுழைந்தால், மரியாளாக வேறொரு பெண் நிற்கிறாள். ஜான்சி மேய்ப்பர்களோடு ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ராஜாமணிதான் மாற்றியிருந்தார். பாட்டு வரும்போது ஜான்சி திரைக்குப் பின்னால் மைக்கில் பாட வேண்டுமாம், அந்தப் பெண் முன்னால் வாயசைப்பாளாம்.

குரல் வேண்டும், முகம் வேண்டாம். ஜெயராணி நேராக ராஜாமணியிடம் போனாள்.

"ஏன் மாத்துனீங்க?"

"யூடியூப்ல போடுறோம்மா. வெளிநாட்டுலருந்துகூட பாப்பாங்க. மரியாள்னா எல்லார் மனசுலயும் ஒரு உருவம் இருக்குல்ல? நீயே படத்தப் பாரு."

"படம் யாரோ வரஞ்சது. லூக்கால எந்த வசனத்துல நெறம் போட்டிருக்கு? காட்டுங்க."

"எல்லாத்தையும் வசனத்துல தேடக்கூடாது. வழக்கம்னு ஒண்ணு இருக்கு."

"ஓ! அப்ப உங்க பேரன் தலையில கிரீடம் இருக்கே, அதுவும் வழக்கமா? மத்தேயுல ராஜான்னா இருக்கு? சாஸ்திரிங்கன்னு இருக்கு. மூணு பேருன்னும் இல்ல. அவுங்க வந்தது வீட்டுக்கு. நீங்க தொழுவத்துல கொண்டாந்து நிறுத்துறீங்க. போன வாரம் புயல் மழையில தெருவெல்லாம் தண்ணி, இங்க பஞ்சப் பிச்சுப் போட்டுப் பனின்றீங்க. இத்தன இல்லாதத சேத்துக்கிட்டீங்க, என் பொண்ணு மூஞ்சி மட்டும் ஒத்துக்கலையா?"

ராஜாமணி முகம் சிவந்துவிட்டது. "மேய்ப்பர் வேஷம் அவ்ளோ கேவலமா உனக்கு? பொறந்த சேதிய தேவதூதர் மொதல்ல சொன்னதே மேய்ப்பர்கிட்டதான்" என்றார்.

"கேவலம்னு நான் சொன்னனா? அவ்ளோ ஒசத்தின்னா உங்க பேரன் கையில கம்பக் குடுங்க!"

போதகர் வந்தார். ஜெயராணி சொல்வது வசனப்படி சரிதான் என்றார். ஆனாலும் பண்டிகை நேரத்தில் சமாதானமாகப் போக வேண்டும் என்று அவளைப் பார்த்தே சொன்னார். அடித்தவனை விட்டுவிட்டு அழுகிறவளிடம் சமாதானம் பேசுகிறவர்களை நான் இரண்டு மதத்திலும் பார்த்துவிட்டேன்.

ஜெயராணி அடங்கவில்லை. "ஜான்சி மரியாளா நின்னா பாடுவா. இல்லன்னா பாட மாட்டா. வேற ஆளப் பாத்துக்குங்க" என்று மகளின் கையைப் பிடித்தாள். வேறு ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் ராஜாமணி, "சரி, அவளே நிக்கட்டும்" என்றார். மற்றப் பெண்ணைத் தேவதூதர்களோடு சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அன்புமணி பிரியாணி வாங்கிவந்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

நாடகத்தன்று சாயங்காலம், ஜான்சியைப் பார்க்க நானும் ஜெயராணியும் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனோம். மேய்ப்பர்களும் ஆடுகளும் அவரவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நீல முக்காடு போட்ட ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஒரு கணம் யாரென்றே தெரியவில்லை. முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளையாகப் பூசியிருந்தது. காதுக்குப் பின்னால்தான் எங்கள் ஜான்சி கொஞ்சம் தெரிந்தாள்.

"செகரட்டரி சார்தான் சொன்னாரு. லைட்டுக்கு இப்பிடித்தான் போடணும்" என்றார் மேக்கப்காரர். பாவம், அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? மேய்ப்பர்கள் நிற்பதும் அதே லைட்டில்தான்.

ஜெயராணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து துண்டை நனைத்தாள். "வா கண்ணு, கழுவிடலாம்" என்றாள்.

ஜான்சி ஓரடி பின்னால் போனாள். சுவர்க் கண்ணாடியில் தன்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"வேணாம்மா. நல்லாருக்கு."

"எதுக்கு கண்ணு இதெல்லாம்? நீ எப்பவும் போல இருந்தாலே போதும்."

"எப்பவும் போல இருந்தா நான் மேய்ப்பருதானம்மா."

வெளியே நாடகம் தொடங்குகிறது என்று மைக்கில் அறிவித்தார்கள். ஜான்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு ஓடினாள். டாக்டரையும் கமிட்டியையும் கேள்வி கேட்ட ஜெயராணி, ஈரத்துண்டும் கையுமாக அங்கேயே நின்றாள்.