கம்பிவலைக்குள் வளர்ந்த சதை

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவரை ‘வெண்கலத் தொண்டை’ என்றால்தான் யாருக்கும் தெரியும். அவர் தக்காளிக் கூடைக்கு விலை கூவினால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். அப்படியொரு தொண்டையைக் கொடுத்த கடவுள் அதற்கு ஒரு மூடியைக் கொடுக்க மறந்துவிட்டார், என்ன செய்ய!

போன வருஷம் மாரடைப்பு வந்து, இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பை விலக்கிப் பிடிக்கிற சின்னக் கம்பிவலைக் குழல் அது. அன்றிலிருந்து மருமகள் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டாள், உப்பைக் கிள்ளித்தான் போட்டாள். தனக்கும் புருஷனுக்கும் வேறாகச் சமைத்துக்கொள்ளவும் இல்லை. அவருக்கோ நாக்கு செத்துப்போய்விட்ட ஆத்திரம். தினமும் தட்டின் முன்னால் உட்கார்ந்து முணுமுணுப்பார்.

இந்த மாதம் படியேறும்போது பழைய நெஞ்சுவலி எட்டிப் பார்த்ததுதான் தாமதம், வாசலில் போய் நின்று ஆரம்பித்துவிட்டார்.

“எண்ணெயை ஊத்தி ஊத்தியே என்னை அடைச்சுட்டா! இவ கையால சாப்பிட்டா நான் போய்ச் சேர வேண்டியதுதான்!”

காலையில் சப்பென்று இருக்கிறது என்று திட்டிய அதே வாய்தான். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் வளையும். தெருவே கேட்டது. மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். 

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த மகன் கடைசியில் சொன்னான்: “டாக்டரும் சாப்பாடுதான் காரணம்னு சொல்லட்டும்பா. அவளை அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

“படம் எடுக்கட்டும்டா. குட்டு வெளிப்பட்டுடும்.”

படம் எடுத்தார்கள். மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அதன் நுனியில் இருக்கும் வெளிச்சத்தால் குழாயை உள்ளிருந்தே படம் பிடிக்கிற வித்தை. அவர் மேஜையில் மல்லாந்து, முழு நினைவோடு கிடந்தார். திரையில் ஒரு வட்டம். ஓரத்தில் கம்பிவலை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அதற்குள்ளே சாம்பல் நிறத்தில் என்னவோ மண்டி, நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஓட்டை. மகனையும் மருமகளையும் அழைத்து, பக்கத்துக் கண்ணாடி அறையில் நிற்கவைத்தார் டாக்டர். இடையில் கதவு திறந்திருந்தது.

“எண்ணெய்க் கொழுப்புதானே டாக்டர்?” என்று ஆவலாகக் கேட்டார் வெண்கலத் தொண்டை.

“இல்லைங்க. கொழுப்புன்னா படத்துல வேற மாதிரி தெரியும். இது சதை. கம்பிவலை வச்ச புண்ணை ஆத்தறேன்னு உங்க உடம்பே அளவுக்கு மீறி வளர்த்துருச்சு. சிலருக்கு இப்படி ஆகும், பலூன் வச்சு சரி பண்ணிடலாம். மத்த குழாயெல்லாம் போன வருஷம் இருந்தபடியே இருக்கு, துளிகூட மோசமாகலை. வீட்ல யாரு சமைக்கறா? அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!”

அவருக்குக் காது மடல் வரை சுட்டது. பச்சைத் துணிக்கு அடியில் அம்மணமாகக் கிடந்தபோதுகூட இந்தக் கூச்சம் இல்லை. பேச்சை மாற்ற ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்.

அதற்குள் மருமகளின் குரல் வந்தது. தண்ணீரில் முங்கி எழுந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது அவளுக்கு.

“டாக்டர்... அப்போ என்னால இல்லையா?”

அடப்பாவமே! அவள் அதை நம்பியே விட்டாள். மாமனாரைத் தானே சோறு போட்டுக் கொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாளும் அடுப்பு பற்றவைத்திருக்கிறாள்.

“உங்களாலயா? யாரும்மா அப்படிச் சொன்னது?” என்றார் டாக்டர்.

அவள் கண்ணாடி வழியாக ஒருமுறை மாமனாரைப் பார்த்தாள்.

“யாரும் சொல்லலை டாக்டர். நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். வெண்கலத் தொண்டை எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

“நான்தான் சொன்னேன் டாக்டர்,” என்றார். “வாசல்ல நின்னு, தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

 விசும்பலில் அவர் உடம்பு கையோடு சேர்ந்து குலுங்கிற்று.

“மாமா, கையை ஆட்டாதீங்க,” என்றாள் மருமகள். “உள்ள கம்பி இருக்கு.”