கைமாறிய விரதம்

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வண்டியில் எனக்குப் பைலட் என்று பேர். ஓட்டுவது என்னவோ வில்லியனூர்ப் பக்கத்துக் குண்டு குழிகளில்தான். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து மருந்து கொடுப்பவள் மரிய சுகந்தி. பக்கத்து மாதா கோயில் கிராமத்தில் கரும்பு போடும் குடும்பத்துப் பெண். நர்சிங் படித்து, ஏசி ஆஸ்பத்திரி வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் புழுதிக்கு வந்தாள். லூசுப் பெண் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்த மருந்தானாலும் அதன் பேரையும், எதற்குக் கொடுக்கிறாள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். நினைவு தப்பிக் கிடப்பவரிடமும் சொல்வாள்.

"அவரு காதுல வுழவா போவுது?" என்று எரிந்து விழுவேன்.

"வுழுந்தா வுழட்டும்ண்ணே. சொல்லாம குடுத்தா திருடற மாதிரி இருக்குது."

போன ஆடியில், ஓர் ஊரில் மாரியம்மனுக்கு அலகு குத்தித் தேர் இழுக்கும் செடல் திருவிழா. மத்தியானம் அங்கிருந்து போன் வந்தது, ஓர் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று. போனோம். தையலம்மாள் வேர்த்துக் கொட்டச் சுவரில் சாய்ந்திருந்தார். புருஷன் சிவப்பிரகாசம் விசிறிக்கொண்டிருந்தார். கட்டிலில் மகன் தமிழ்க்குமரன். மூலக்குளத்தில் பைக்கிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவன் எழுந்து நடக்கத்தான் அந்தம்மாவின் வேண்டுதல்: செடல் முடிந்து சாமி கோயிலுக்குத் திரும்பும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

சுகந்தி இசிஜி எடுத்து, போனில் டாக்டரிடம் பேசினாள். மாரடைப்பு. வயிற்றுப் புண் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுக்கொண்டு மாத்திரையை எடுத்தாள்.

"இது ஆஸ்பிரின்மா. ரத்தம் இன்னும் உறையாம இருக்க. மென்னு முழுங்கணும். தண்ணிகூட வேணாம்."

"மெல்றது பல்லாலதானம்மா?" என்று சொல்லி வாயை இறுக்கிக்கொண்டார் தையலம்மாள்.

"தொறடி வாய!" என்று புருஷன் கத்தினார். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா, முழுங்கும்மா" என்று மகன் கட்டிலிலேயே அழுதான். "நீ சும்மா கெடடா" என்று அவனை அதட்ட மட்டும் அந்த வாய் திறந்தது.

"ஊசியா போட்டுடேம்மா" என்றார் சிவப்பிரகாசம்.

"இதுக்கு எங்க வண்டியில ஊசி கெடயாதுப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மன் பிரசாதம்னு சொல்லிக் குடுத்துத் தொலையேன்" என்று அவள் காதோரம் சொன்னேன். சுகந்தி என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு அந்தம்மா எதிரில் மண்டியிட்டாள்.

"ஒங்க விரதத்த எங்கிட்ட குடுத்துடுங்கம்மா. காலைல இட்லி துன்னுட்டேன், மறைக்கல. இனிமே சாமி திரும்பற வரைக்கும் எம் பல்லுல தண்ணி படாது."

தையலம்மாள் அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "நீ வேதக்காரப் பொண்ணாச்சே."

"நாங்களும் தவக்காலத்துல ஒருசந்தி இருக்கறவங்கதாம்மா. புள்ளைக்காகத்தான? நான் இருக்கறேன்."

"ஆத்தா மேல சத்தியமா?"

"ஒங்க ஆத்தா மேலயும் எங்க மாதா மேலயும் சத்தியம்."

அந்தம்மா வாயைத் திறந்தார். மாத்திரையை மெதுவாக மென்று விழுங்கினார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, புருஷனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

மூலக்குளத்து நெரிசலில் அந்தம்மாவின் இதயம் நின்றுவிட்டது. சுகந்தி நெஞ்சை அழுத்துவது வண்டி அதிரத் தெரிந்தது. மூச்சிரைக்க அவள் குரல் கேட்டது: "அட்ரினலின் போடறேம்மா... இதயம் மறுபடி துடிக்க..." யாரிடம் சொல்கிறாள் இந்தப் பெண்? ஹாரனை அழுத்திக்கொண்டே அழுதேன். ஆஸ்பத்திரியிலும் எவ்வளவோ பார்த்தார்கள். முடியவில்லை. எல்லா மாத்திரையும் எல்லாரையும் காப்பாற்றிவிடுமா என்ன?

சிவப்பிரகாசத்தை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. சுகந்தியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். தலையை ஆட்டினாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாம்மா நீ? அந்தம்மாவே பூட்டாங்க. இன்னும் யாருக்காவப் பட்டினி கெடக்கற?"

"வேண்டுதல் அவங்களுக்கு இல்லயேண்ணே. அந்தப் புள்ளைக்குத்தான?"

பாட்டிலை மூடி வைத்தேன். சாமி கோயிலுக்குத் திரும்பும்வரை நானும் அதைத் தொடவில்லை.