கப்பல்காரி ஏன் திரும்பினாள்?

என் வீட்டுக்காரர் பேசவே மாட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எப்போதும் கத்துகிறார் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் நிஜம்தான். அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு, போர்வை, டாக்டர்கள் போடும் பச்சை அங்கி எல்லாம் வண்டி வண்டியாக வந்து விழும். ஆள் உயர இயந்திரங்கள் நாள் முழுக்கச் சுற்றும். காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. இப்போது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான் உதவுகிறது.

அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் 'நிறுத்து'. விரலைச் சுழற்றினால் 'இன்னொரு தடவை'. மார்பில் இரண்டு தட்டுத் தட்டினால் 'இது என்னுது, நான் பாத்துக்கறேன், நீ கை வைக்காதே'. கல்யாணமான புதிதில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விரலைச் சுழற்றினார். நான் ஏதோ தட்டு சுத்தமாக இல்லையாக்கும் என்று எடுத்துக்கொண்டு போய் மறுபடி கழுவிக்கொண்டு வந்தேன். மனிதர் கேட்டது இன்னொரு கரண்டி சாதம். வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?

எங்களுக்கு ஒரே மகள். படிப்பு முடித்ததும் ஆஸ்பத்திரி ஆபீசிலேயே ஒரு வேலைக்கு அவர் சொல்லிவைத்திருந்தார். யாரிடமும் வாய் திறந்து ஒன்று கேட்காத மனிதர், அவளுக்காக நாலு பேர் மேஜை முன்னால் போய் நின்றார். அவளோ தூரத்தில் இருக்கிற நகரத்தில் விளம்பரம் வரைகிற கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைக் கட்டினாள். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வாய் திறந்துகொண்டது. "போறதுன்னா போ. ஆனா போனா போனதுதான். இந்த வாசலை மறுபடி மிதிக்காதே" என்றார். அவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர், அவளும் அப்படித்தான். யாருக்குப் பிறந்தாள்? அவள் போனாள். மூன்று வருஷமாக வரவில்லை. நான்தான் இரண்டு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுவாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டுவார். காலையிலேயே படித்து முடித்த செய்தித்தாள். ஒரு தடவை பேசிக்கொண்டிருக்கும்போதே குளியலறையில் குழாயை மூட மறந்தது ஞாபகம் வந்து, போனை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார்!

"என்ன பண்றே?"

"கார்ட்டூன் பாத்தேன். கப்பல் கதை ஒண்ணு. மத்தியானம் போட்டாங்க."

"பச்சைப் பாய் கட்டின கப்பலா?"

"ஐயோ, உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

எப்படித் தெரியும் என்றால், சலவைக்கூடத்துச் சுவரில் ஒரு டிவி இருக்கிறது. குழந்தைகள் வார்டுக்குப் புதுசு வந்தபோது பழையதைக் கொண்டுவந்து அங்கே மாட்டிவிட்டார்கள். ரிமோட் எங்கே போனதோ. வார்டில் எந்தச் சேனலில் இருந்ததோ அதே குழந்தைகள் சேனல்தான் இன்றைக்கும். சத்தம் வருகிறதா இல்லையா என்று அந்த இரைச்சலில் யாருக்கும் தெரியாது. துணி அலசி முடிகிற வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்றிலிருந்து வாராவாரம் என்னிடம் பேசி முடித்ததும் "அப்பாகிட்ட குடும்மா" என்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைப்பேன். பேச்சு முழுக்கக் கப்பல்தான். கப்பல்காரி என்று ஒரு சின்னப் பெண்ணாம். அவள் எங்கெங்கோ போகிறாளாம். ஒரு தாடிக்காரர் குட்டிப் படகில் அவள் பின்னாலேயே வருகிறாராம். "இந்த வாரப் புயல் பாத்தீங்களாப்பா?" என்பாள். "பாத்தேன். பாய்மரம் ஒடிஞ்சிருக்கணும், பிழைச்சுது" என்பார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, ஒன்றும் கிடையாது. ஒரு நாள் அவள், "அந்தத் தாடி மூழ்கித் தொலைஞ்சா நிம்மதியா இருக்கும்பா" என்றாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. போனை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்தேன்.

இப்படி இருக்கையில்தான் அவள் ஒரு குண்டைப் போட்டாள். "அம்மா, அடுத்த வாரத்தோட கப்பல் கதை முடியுதாம்."

அன்றைக்கு ரசத்தில் நான் உப்பே போடவில்லை. சிரிக்காதீர்கள். பெற்ற அப்பனும் மகளும் பேசிக்கொள்ள ஒரு பொம்மைப் படம் வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் வெட்கம்தான். ஆனாலும் வீட்டில் இருந்த ஒரே பாலம் அது. அதுவும் போனால் மறுபடி செய்தித்தாள்தான்.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். "இனிமே வேற ஏதாவது பேசிப் பழகுங்க."

"வேற என்ன கேக்கறது?"

"சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேளுங்க. மகள்கிட்ட கேக்கறதுக்கா பஞ்சம்?"

"அதையெல்லாம் நீ முன்னாடியே கேட்டுடறியே."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

கடைசிப் பாகத்தை வீட்டில் சத்தத்தோடு பார்க்கச் சொன்னவள் மகள்தான். அதற்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். முகம் கழுவி, சட்டை மாற்றி, யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினார். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடல் வந்தது. பச்சைப் பாய் வந்தது, அதன் உச்சியில் ஒரு பேசும் கிளி வந்தது. பின்னாலேயே குட்டிப் படகில் தாடிக்காரர். அவர் வாயைத் திறந்து, "அந்தத் திருடியைச் சங்கிலியில கட்டி ராஜா முன்னாடி நிறுத்தாம நான் ஓய மாட்டேன்!" என்று கர்ஜித்தார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "என்ன இது? குரலை மாத்திப் போட்டுட்டாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நான் இன்னிக்குத்தானே பாக்கறேன்."

"அப்பா பேசற பேச்சா இது?"

"எந்த அப்பா?"

"அவளோட அப்பாதான். இதோ, இந்தத் தாடிக்காரர்."

நான் டிவியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "அவன் வேட்டைக்காரன்னு இப்பத்தானே அந்தக் கிளி சொல்லுச்சு? அந்தப் பொண்ணைப் பிடிக்க வந்தவன். உங்களுக்கு யாரு அப்பான்னு சொன்னது?"

"முதல் வாரத்துலயே சொன்னாரே!" என்று அவர் எழுந்து நின்று மார்பில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். "துறைமுகத்துல நின்னு, அவ கப்பலைப் பாத்து இப்படித்தான் தட்டினார். என் பொண்ணு, நான் பாத்துக்கறேன்னு."

அந்த ஆள் ஆணையிட்டுச் சபதம் செய்திருப்பான் ஐயா! அல்லது சட்டைப்பையில் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்திருப்பான். உலகத்தில் எல்லாரும் சலவைக்கூடத்துப் பாஷையா பேசுகிறார்கள்? இத்தனை நாளும் கதையைக் கையாலேயே படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்குள் படத்தில் பாறை மோதித் தாடிக்காரரின் படகு பிளந்தது. கப்பல்காரிக்கு எதிரே அவள் தேடிவந்த கரை தெரிகிறது. மலை தெரிகிறது, மரம் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் போனால் போதும். அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுக்கானைப் பிடித்து ஒரே திருப்பாகக் கப்பலைத் திருப்பினாள். கயிறு போட்டு அந்த ஆளைத் தூக்கி, ஒரு போர்வையைப் போர்த்திவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உடனே பாட்டைப் போட்டுவிட்டார்கள். கப்பல் சின்னதாகிச் சின்னதாகிப் புள்ளியாகிப்போயிற்று. முற்றும்.

"இவ்வளவுதானா?" என்று நான் கத்தியேவிட்டேன். ஒரே ஒரு பாகம் பார்த்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. கரைக்குப் போனாளா? அந்த ஆள் சங்கிலியை எடுத்தானா? என்ன சொல்ல வந்தான்? அதற்கு ஒரு நிமிஷம் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

அவர் தன் கூட வேலை செய்கிற, அன்றைக்கு லீவில் இருந்த இஸ்திரிக்காரருக்குப் போன் போட்டு, "அந்தத் தாடிக்காரர் யாருய்யா?" என்று கேட்டார். "என்ன கேக்கறே? அந்தப் பொண்ணோட அப்பாதானே?" என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. ஆக, சலவைக்கூடமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நல்ல கூட்டம்.

போனை வைத்ததும் மகள் கூப்பிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்பாகிட்ட குடு" என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னப்பா முடிவு இது? ஏமாத்திட்டாங்க! இங்க என் கூட இருக்கறவங்க எல்லாரும் திட்டறாங்க. இத்தனை நாளா துரத்தினவனை எதுக்குப்பா ஏத்திக்கணும்? கரை கண்ணு முன்னாடி இருக்கு, அதை விட்டுட்டு ஏன் திரும்பினா? உங்களுக்காவது புரிஞ்சுதா?"

இவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு இன்னிக்குத்தான் குழப்பமா இருக்கு. நேத்து வரைக்கும் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"நான் அவரை அவ அப்பான்னு நினைச்சிருந்தேன்."

போனில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. "யாரை? தாடியையா? இத்தனை நாளுமா?"

"ஆமா."

"நான் அந்தாளு மூழ்கணும்னு சொன்னேனே..."

"சொன்னே."

நான் போனை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"அப்பான்னா," என்று அவள் மெதுவாகக் கேட்டாள், "அவ ஏன்பா அவரை விட்டு ஓடணும்?"

"அவர் முன்னாடி ஏதாவது சொல்லியிருப்பார். அங்க இருந்த சத்தத்துல எனக்குக் கேக்கல."

"சொல்லிட்டு அப்புறம் ஏன் பின்னாடியே வரணும்?"

"திரும்பக் கூப்பிடத்தான். கூப்பிடத் தெரியல. அதான் வந்துக்கிட்டே இருந்தார்." போனுக்கு இன்னும் கிட்டே குனிந்து, "வரியா?" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, நீ இருக்கியா? அப்பா இப்பக் கதையைச் சொல்றாரா, என்னைக் கேக்கறாரா?" என்றாள்.

"எனக்கே ஒண்ணும் விளங்கலடி. உங்க ரெண்டு பேர் நடுவுல கிடந்து என் தலை வெடிக்குது." அவர் பக்கம் திரும்பினேன். "கேக்கறாளே, காதுல விழுதா? வாயைத் திறந்து பதில் சொல்லுங்க."

"உன்னைத்தாம்மா கேட்டேன்" என்று அவர் கத்தினார். பக்கத்து வீட்டில் மறுபடி சுவரைத் தட்டினார்கள்.

"அப்ப அன்னிக்கு, போனா போனதுதான்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். சொல்லலைன்னு இப்பச் சொல்ல முடியாது. அதைச் சொன்னதும் நான்தான். வான்னு சொல்றதும் நான்தான்."

கடைசியில், "சரிப்பா, லீவு கிடைக்குதான்னு பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

லீவு கிடைக்கிறதா என்று பார்க்கிறாளாம். அதற்கு என்ன அர்த்தம்? வருகிறேன் என்றா, வரவில்லை என்றா? அவளும் அந்தக் கார்ட்டூன்காரர்கள் மாதிரியே முடித்துவிட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. டிவியை நிறுத்தினேன். அவர் அணைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருவாளா?" என்று கேட்டார்.

"தெரியலை."

"வந்துட்டா என்ன பேசறது? கதைதான் முடிஞ்சு போச்சே."

நிஜமாகவே பயந்துபோய்க் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கோபமெல்லாம் எங்கே போனதோ, எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.

"ஒண்ணும் பேச வேண்டாம். அவ சாப்பிடறதைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருங்க" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு, "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.