பீரங்கி வளையத்துக்குள் சைக்கிள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். கோணல்மாணலாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். மறதியும் வந்துவிட்டது.

மைசூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி, வட்டமாக ஒரு சிமெண்ட் சுவர் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்த சண்டைக் காலத்தில், விமானத்தைச் சுட அதற்குள் பீரங்கி வைத்திருந்தார்களாம். நான் பார்த்தபோது நடுவில் ஒரு மேடையும் துருப்பிடித்த போல்ட்டுகளும்தான் மிச்சம்.

கல்யாணமாகிப் போன மகள் தன் சைக்கிளை விட்டுப் போயிருந்தாள். அதை ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஐம்பதைத் தாண்டியவள் தெருவில் விழுந்தால் சிரிக்க மாட்டார்களா? அதனால் மத்தியானத்தில், வீட்டுக்காரர் டூட்டிக்குப் போனதும், அந்த வளையத்துக்குள் உருட்டிக்கொண்டு போய்விடுவேன்.

உள்ளே ரயில் கூவுவதுகூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்கும். சுவர் என் நெற்றி உயரம் இருக்கும். ஒருநாள் கால் தானாக மிதித்தது. சுவருக்கு மேலே சாமுண்டி மலை வந்தது, போனது, மறுபடியும் வந்தது. நான் அசையாமல் இருக்க, ஊர்தான் என்னைச் சுற்றி வருவது போலிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வளையத்தின் வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்க்கா, செவுத்து மேல உங்க தலை மட்டும் ஓடுது! பேய்னு நெனச்சு பயந்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"சொல்லல. ஆனா சீக்கிரம் கத்துக்குங்க. பிராட்கேஜ் தண்டவாளம் போடறாங்கல்ல, இதை ஒடைக்கப் போறாங்களாம்."

அதன்பிறகு ஒரு மத்தியானமும் விடவில்லை. ஆனாலும் நான் முழுசாகத் தேறுவதற்குள் ஆட்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். மறைவு போயிற்று. இனி ஓட்டினால் தெருவில்தான். இல்லாவிட்டால் இல்லை.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு தெருவில் ஏறினேன். இத்தனை நாள் வலப்பக்கமே சுற்றிய கை, நேர்ச் சாலையிலும் வலப்பக்கமே திரும்பியது. வேலைக்காரர்கள் கொட்டியிருந்த மணலில் போய் விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ரோடு நேராத்தானே போகுது, நீங்க ஏன்க்கா வளையறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு பயந்தேன், இவ்வளவுதானா! புடவையை உதறிவிட்டு மறுபடி ஏறினேன். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். பிறகு அவள் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

நஞ்சன்கூடு லைன் ரயில்வே கேட் வரை போனதாக ஞாபகம். அதற்கு முன்பே இறங்கிவிட்டேனோ என்னவோ. அந்த குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவளைக் கண்டு கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். பீரங்கி இருந்தது நிஜம்தானா என்றும் யாரையாவது விசாரியுங்கள்.